திருவான்மியூர் வரைக்கும்

கானத்தூர் நிறுத்தத்தில் முண்டியடித்து ஏறி, ஆண்கள் பக்கம் காலியாக இருந்த ஒரே இருக்கையின் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்த பிறகுதான் மாசிலாமணிக்குத் தான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. பக்கத்து வீட்டு ஹபீபுல்லாவை அல்லவா ஜன்னலோரம் தள்ளியிருக்க வேண்டும். இப்போது அவன் இடது பக்கம் வந்துவிட்டான். மாசிலாமணிக்கு இடது பக்கம் என்பது ஐந்தாறு மாதங்களாகப் பாதிதான் இருக்கிறது. கழுத்தை முழுதாகத் திருப்பினால் ஹபீப் இருக்கிறான். நேரே பார்த்தால் ஒரு குரலும் கொஞ்சம் அத்தர் வாசனையும் மட்டும்தான். சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று படுக்கையில் புரண்டுகொண்டே முடிவு செய்திருந்தார். சரி, திருவான்மியூர் வரைக்கும் நேரம் இருக்கிறது. இந்த நெரிசலில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். அக்கரை நிறுத்தம் தாண்டட்டும், சொல்லிவிடலாம். ஹபீப் இடது காலை நடைபாதையில் நீட்டிவைத்துக்கொண்டு, ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் கால், கால், பாத்து என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து வாரம் கழித்து இன்றைக்குத்தான் அச்சகத்துக்குப் போகிறான். முட்டிச் சில்லு விரிசல் விட்டிருந்தது, கட்டுப் பிரித்து மூன்று நாள்தான் ஆகிறது. முதல் நாள் ஆயிற்றே என்று துணைக்கு பஸ்ஸில் வருவதாக மாசிலாமணி சொன்னபோது ஹபீபுக்கு அத்தனை சந்தோஷம். வண்டி ரெடியாகி வாசலில் நிக்குது, என்னமோ எனக்காக பஸ்ல வர்றான் பாரு என்று மனைவியிடம் சொன்னது காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கமே கேட்டது. துணைக்கு வருவதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், நேற்று சாயங்காலம், சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவன் கேட்டான். மகள் ஷமீமாவுக்கு மயிலாப்பூரில் ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து. தனக்கு இன்னும் இரண்டு மாதம் முட்டியை மடக்கி வண்டியில் உட்காரக் கூடாது. உன் பின்னாடி சீட்டு சும்மாதானே வருது மாசி, புள்ளைய திருவான்மியூர் ரயில்வே ஸ்டேஷன்ல எறக்கி விட்டுடேன். மாசிலாமணி சரி என்றார். யோசிக்கக்கூட இல்லை. தும்மல் மாதிரி வந்தது அந்தச் சரி.

ஏன் வந்தது? உத்தண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அதையே கேட்டுக்கொண்டார். கேட்டால் சரி என்று சொல்வது ஒரு பழக்கம், அவ்வளவுதானா. பதினோரு வருடம் ஹபீப் அவர் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான், இரண்டு பேர் சாப்பாட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, காதோரம் ஓயாமல் பேசிக்கொண்டு. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவன் பாத்துப் போ என்று சொன்னதில்லை. வசுமதி சொல்வாள், மனைவி என்றால் சொல்லத்தான் செய்வாள், ஹபீப் சொன்னதில்லை. அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற பேச்சு இல்லாவிட்டால் தன் நாளில் பேச்சு என்று வேறு என்ன இருக்கிறது. அலுவலகத்தில் கோப்பு, வீட்டில் தொலைக்காட்சி. அதற்காகத்தான் கண் விஷயத்தை மறைத்தாரா. இல்லை, இது கொஞ்சம் நல்லவன் வேஷம். உண்மை இதைவிடச் சின்னதாக இருக்கும். கண் டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். கண் அழுத்தம், நரம்பு தேய்ந்திருக்கிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். வண்டி ஓட்டாதீர்கள் என்பதை மட்டும், சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள் என்பதுபோல, கேட்டுக்கொண்டு வெளியே வந்து, வண்டியை உதைத்து, அடையாறு, திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் என்று ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வசுமதியிடம் கண்ணில் வறட்சி, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதற்கு முன்னால் ஒரு இருட்டு அறையில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளம் பிடிபட்டது. தெரிகிறதோ இல்லையோ, வரவேண்டிய நேரத்துக்கு அழுத்தினார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள், சார், வெளிச்சம் வராதப்பவும் அழுத்துறீங்க. வயது ஐம்பத்தைந்து, கண் பரிசோதனையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டார். சாலையிலும் அப்படித்தான் ஓட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. கானத்தூரிலிருந்து திருவான்மியூர் வரை எந்த இடத்தில் சந்து பிரிகிறது, எந்த டீக்கடை முன்னால் ஆட்டோ நிற்கும், எந்தப் பள்ளிக்கூடத்து வேன் எத்தனை மணிக்குத் திரும்பும், எல்லாம் மனப்பாடம். இடது பக்கம் இருப்பதை அவர் பார்க்கவில்லை, ஒப்பித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஒப்பித்தார், நான்கு மாதம் ஒரு பிழை இல்லாமல். பிறகு சாலையை அகலப்படுத்துகிற ஆட்கள் வெட்டுவாங்கேணியில் சிவப்பு வெள்ளைப் பீப்பாய்களை ஒரு மத்தியானம் ஒரு முழம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் இல்லாத பீப்பாய் சாயங்காலம் ஆறரைக்கு இருந்தது.

நாய் குறுக்க வந்துடுச்சு. அதை யார் முதலில் சொன்னது என்று யோசித்துப் பார்த்தால் அவர்தான். கீழே கிடந்த வண்டியின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, மண் நிரப்பிய பீப்பாய் உடைந்து மண் சரிந்திருந்தது, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி எங்கோ உருண்டு போய்க்கொண்டிருந்த சத்தம். ஹபீப் முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னாச்சு மாசி, என்னாச்சு என்று கேட்டான். நாய் என்றார். ஓடி வந்தவர்களிடமும் நாய் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வசுமதியிடம் சொல்ல வாயைத் திறந்தபோது ஹபீப் முந்திக்கொண்டான். பழுப்பு நாய் அண்ணி, வால் வளைஞ்சது, எங்கிருந்துதான் வந்துச்சோ, இவன் மட்டும் பிரேக் போடலேன்னா ரெண்டு பேரும் அவ்ளோதான். போனில் மீம்ஸ் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். விழுகிற நொடிவரை அதில் ஒன்றைப் பாதி படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மாசிலாமணிக்கு அன்றைக்கு ஏற்பட்டது நிம்மதியா பயமா என்று இன்னமும் தெரியவில்லை. அதன் பிறகு நாய் வளர்ந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஹபீப் அதன் கழுத்தில் அறுந்த கயிறு இருந்தது என்றான், திரும்பிப் பார்த்து முறைத்தது என்றான். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார். மாசிலாமணியும் போட்டார், மூன்றாவது கையெழுத்து. நாய் பிடிக்கும் வண்டி வந்த அன்று ஹபீப் நொண்டிக்கொண்டே வாசல்வரை வந்து, தெருமுனையில் படுத்திருந்த ஒன்றைக் காட்டி அதுதான் என்றான். வெட்டுவாங்கேணி நாய் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து கானத்தூருக்கு எதற்கு வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வலையில் அது சத்தமே போடவில்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி, தலையைத் திருப்பிக்கொள்ளக்கூட அவசியமில்லாமல், கொஞ்சம் வலது பக்கமாகப் பார்த்தார். அது காணாமல் போயிற்று.

பனையூர், அக்கரை. சாலைக்கு அந்தப் பக்கம் பங்களாச் சுவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு சந்து திறந்து, அதன் முடிவில் தகடு மாதிரி கடல் மின்னி மறைந்தது. அக்கரை தாண்டிவிட்டது. சொல்லலாம். தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்தது வேறு. திங்கட்கிழமைக்கு ஷமீமா பஸ்ஸில் வந்து பார்க்கட்டுமே என்றார், பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஹபீப் சிரித்தான். அந்த பஸ்ஸு எப்ப வருது எப்ப போவுதுன்னு டிரைவருக்கே தெரியாது, வந்தாலும் இந்தக் கூட்டத்துல ஏறி எறங்கறதுக்குள்ள அவ ஸ்கேன் எடுக்க வேண்டியதில்ல, அவளுக்கே எடுக்கணும் என்றான். முன் சீட்டுக்காரர் தோள் குலுங்கியது. ஷேர் ஆட்டோ என்றார் மாசிலாமணி. பத்து பேர் ஏறுகிற வண்டியில் பதினோராவதாக என் பெண்ணா என்றான். சோழிங்கநல்லூருக்குப் போய் பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்தால். அங்கே மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பது உனக்குத் தெரியாதா. நாலைந்து பேர் சேர்ந்து வேன். எங்கே நாலைந்து பேர். ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடேன், அவளே ஓட்டட்டும். இந்த ரோட்டுலயா, நாயும் பீப்பாயுமா கெடக்குது, உன்னை மாதிரி ஓட்டறவனுக்கே இந்தக் கதி என்றான். மாசிலாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடற்கரையோரம் வாழ்கிற மனிதன் நகரத்துக்கு வேலைக்குப் போக எத்தனை வழி உண்டோ அத்தனையையும் சொல்லியாகிவிட்டது. உத்தியோகத்தில் முப்பது வருடம் இதைத்தானே செய்தார். நேராக இல்லை என்று சொல்ல வேண்டிய மனுவுக்கெல்லாம் மாற்று ஏற்பாடுகள் பரிசீலிக்கப்படலாம் என்று குறிப்பு எழுதிக் கீழே சுருக்கொப்பம். என்னய்யா, புள்ளைய கூட்டிட்டுப் போறது கஷ்டமா இருந்தா சொல்லிடு என்றான் ஹபீப், குரலில் வருத்தம் இல்லாமல், சும்மா. அட அதெல்லாம் இல்லை என்றார் மாசிலாமணி. இரண்டாவது தும்மல்.

ஈஞ்சம்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. வியர்வை, மல்லிகை, யாரோ கட்டியிருந்த லெமன் சாதம். எவனோ ஒருவனுடைய முதுகுப் பை அவர் தலைக்கு இடது பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். காதில் உரசிய பிறகுதான் திடுக்கிட்டு விலகினார். இப்படித்தான் இப்போதெல்லாம். உலகம் இடது பக்கத்திலிருந்து அறிவிப்பில்லாமல் வந்து தொடுகிறது. அப்பாவும் இப்படித் திடுக்கிடுவார். கண்புரை என்று எல்லோரும் சொன்னார்கள், கண்புரைக்கு அறுவைச் சிகிச்சையும் ஆயிற்று, அதன் பிறகும் அவர் வியாசர்பாடி வீட்டுக் கூடத்துச் சுவரை வலது கையால் தடவிக்கொண்டேதான் நடந்தார். இடுப்பு உயரத்துக்கு அந்தச் சுவரில் எண்ணெய்க் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது, படுக்கையிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள், மாசி மாதம் முடிவதற்குள் கோடு திரும்ப வந்தது. அப்பாவுக்கு இந்த நோய் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்றார். அது பொய்யா? யாரும் அப்படிச் சொன்னதில்லையே. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கண்முன் வந்தது அப்பாவின் முகம் இல்லை, அந்தக் கோடு. தன் வீட்டுச் சுவர் இளம் நீலம். வசுமதி தேர்ந்தெடுத்தது, கடல் கலர் என்று. அதில் ஒரு நாள் கோடு விழும். இதற்குப் பயந்துதான் வண்டியை விடாமல் இருந்தாரா, வண்டி ஓட்டுகிறவன் குருடனாக முடியாது என்று. அப்படியென்றால் அவர் தன் பயத்தைத்தான் முன்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார், பின்னால் ஒரு மனிதனை வைத்துக்கொண்டு. திங்கட்கிழமை அந்த மனிதனின் மகளை. ஷமீமாவை ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறார். அங்கிள், ஹெல்மெட் போட்டா முடி நசுங்கிடும், ஸ்டேஷன் வந்ததும் கண்ணாடி பாக்க ரெண்டு நிமிஷம் குடுக்கணும் என்று நேற்றே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். களைப்பாக இருந்தது. தூக்கக் களைப்பு இல்லை, ஒரு கதவை ஐந்து வாரமாக முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிற களைப்பு. விட்டுவிடலாம். வெட்டுவாங்கேணி வந்தது. பீப்பாய்கள் எதிர்ப்பக்கச் சாலையில் இப்போது வேறு ஒரு வரிசையில் நின்றன. பார்த்தியா, இங்கதான் என்று ஹபீப் அவர் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி முன் சீட்டுக்காரருக்குக் காட்டினான். இங்கதான் சார், அந்த நாய்.

முன் சீட்டுக்காரர் நாய்களைப் பற்றி ஆரம்பித்தார். அவர் தங்கச்சி வீட்டுக்காரரை ஒன்று கடித்து ஐந்து ஊசி போட்ட கதை. நீலாங்கரை சிக்னலில் பஸ் அணைந்தே போயிற்று, ஓட்டுநர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். முன் சீட்டுக்காரர் அங்கே இறங்கிக்கொண்டார். பஸ் மறுபடி உறுமியபோது மாசிலாமணி கழுத்தை முழுதாக இடது பக்கம் திருப்பினார். ஹபீப் இருந்தான். தாடியில் நரை கூடியிருந்தது, படுத்துக் கிடந்த ஐந்து வாரத்தில்.

"நாய் வரல ஹபீப்" என்றார்.

எந்த நாய் என்றான் ஹபீப், இன்னும் அந்தத் தங்கச்சி வீட்டுக்காரர் நினைப்பிலேயே. அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை, பீப்பாய் தனக்குத் தெரியவில்லை, இடது கண் பக்கம் தெரிவதில்லை, விழுவதற்கு நாலு மாதம் முன்பே டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியாயிற்று, நான் ஓட்டினேன், உன்னை வைத்துக்கொண்டு ஓட்டினேன். இத்தனை நாள் ஒத்திகை பார்த்ததில் நீளமாக இருந்தது, சொல்லும்போது இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே முடிந்துவிட்டது. ஹபீப் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் பாத்தேனேய்யா" என்றான். "வால் வளைஞ்ச நாய்."

"நீ போன் பாத்துட்டு இருந்த."

ஹபீப் அந்த நாயை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று ஒரு கணம் மாசிலாமணி நினைத்தார். விட்டுக்கொடுக்காமலே இருந்துவிடக் கூடாதா என்றும் நினைத்தார், அந்த அசிங்கமான நினைப்பும் வரத்தான் செய்தது. ஹபீப் தன் முட்டியைக் குனிந்து பார்த்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். பாலவாக்கம் நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்கி ஏழு பேர் ஏறினார்கள். கண்டக்டர் உள்ளே போ உள்ளே போ என்று தகரத்தைத் தட்டினார். கோபப்படு, திட்டு என்று மாசிலாமணி மனதுக்குள் கெஞ்சினார். திட்டுகிற ஆள்தான் ஹபீப். அச்சகத்துப் பையன்களை அவன் திட்டுகிற திட்டையெல்லாம் தினமும் வண்டியில் நடித்துக் காட்டுவான்.

"விழுந்தது போவுது" என்றான் கடைசியில், மெதுவாக. "நேத்து ஏன் சரின்ன?"

மாசிலாமணி ஐந்து வாரமாகத் தேடியதெல்லாம் வேறொரு கேள்விக்கான பதில்கள். பழக்கம் என்று சொல்வதா. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாயே, அதனால் என்றா. என் புள்ளய்யா அது என்றான் ஹபீப், இன்னும் மெதுவாக. பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தான். எழுவதற்கு இரண்டு தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. உட்காரு, நான் நிக்கறேன் என்று மாசிலாமணி எழப்போனார். காலியான இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன் சட்டென்று உட்கார்ந்து காதில் எதையோ செருகிக்கொண்டான். நிறைந்த கூட்டத்தில் ஹபீப் நொண்டி நொண்டி வாசல்வரை போய், கொட்டிவாக்கத்தில், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், இறங்கிவிட்டான்.

பஸ் பத்தடி போய் நின்றது. முன்னால் லாரிகள். பெண்கள் பக்கத்து ஜன்னல்கள் வழியாக, தலையை நன்றாகத் திருப்பி, மாசிலாமணி சாலையோரத்தைப் பார்த்தார். ஹபீப் நடந்து வந்து பஸ்ஸைத் தாண்டிப் போனான். இடது காலை வீசி வைத்து, சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு. பஸ் நகர்ந்து அவனைத் தாண்டியது. நின்றது. அவன் தாண்டினான். ஜன்னலுக்கு ஜன்னல் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது அவனை. ஒரு பெண்ணின் கொண்டை, ஒரு தூண், பிறகு அவன் தோள். மூன்றாவது தரம் தேடியபோது கிடைக்கவில்லை. பஸ் முன்னால் போய்விட்டதா, அவன் எங்காவது உட்கார்ந்துவிட்டானா, அல்லது இருக்கிறான், தன் கண்ணுக்குத்தான் இல்லையா. இதை இனிமேல் எல்லாவற்றைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் எழுந்தார். பையனின் முட்டிகளைத் தாண்டி, கைகள், பைகள், மன்னிக்கணும்மா, கொஞ்சம் வழி, சார் ஸ்டாப்பிங் இல்ல சார் இது என்ற கண்டக்டரின் குரல். நிற்கிற பஸ்தானே என்று இறங்கிவிட்டார்.

வெயில் முகத்தில் அறைந்தது. ஹபீப் முன்னால் இருபதடியில் போய்க்கொண்டிருந்தான். கூப்பிடலாம், கூப்பிட்டு என்ன சொல்வது. சாலையோரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், குழாய் பதிக்கவோ எதற்கோ. ஜல்லிக் குவியல், கயிறு, அறுந்த ரிப்பன். இந்த இடத்தை அவர் நடந்ததே இல்லை, பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட. வண்டியில் இருபது நொடியில் கடந்துவிடுகிற தூரம். மனப்பாடம் என்று எதுவும் இல்லாத ஒரு சாலை. காலடியைப் பார்த்தால் முன்னால் தெரியவில்லை, முன்னால் பார்த்தால் காலடி தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைபோல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். வேகமாக நடக்க முடியாதவனை வேகமாக நடக்க முடியாதவன் துரத்துகிறான் என்று நினைத்துக்கொண்டார், சிரிப்பு வரவில்லை. தூரம் குறைந்தது. பத்தடி. ஐந்தடி. செருப்புச் சத்தம் கேட்டிருக்கும், ஹபீப் திரும்பவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, வசுமதியிடம் சொல்ல வேண்டும், சங்கத்துச் செயலாளரிடம் சொல்ல வேண்டும், ஷமீமாவிடம் யார் சொல்வது. ஹபீப் ஓர் இடத்தில் நின்று, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நல்ல காலை முதலில் வைத்து எதையோ சுற்றிக் கடந்தான். கடந்த பிறகும் உடனே நடக்கவில்லை.

"இடது பக்கம் பள்ளம்" என்றான், திரும்பிப் பார்க்காமல், வழியில் போகிற யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல. பிறகு நடந்தான்.